பாசறை வண்டி

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, பழந்தமிழ்ப் பாட்டொன்றன் நயத்தையே யாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியரிடம் அதனை எதிர்பார்த்தல் முறையே. ஆயினும் இம்முறை, இரு சக்கரங்களையுடைய இரும்புப் பெட்டி ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியராய்த் தமிழ் கற்பித்தே காலங் கழித்த எமக்கு இயந்திரங்களோடு உறவு குறைவு. எனினும் இப்பெட்டியின் வரலாற்றில் நம் பழைய மாணவர் ஒருவரும், அவர்தம் அன்னையாரும், நம் ஊர்த் தெருவொன்றும் வருதலால், இம்மலரில் அதற்கு இடமுண்டு எனக் கருதுகின்றோம்.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். அஃது எம் தொழில். படை தங்கும் இடத்தைப் பழந்தமிழர் பாசறை என்றனர். முல்லைப்பாட்டிலே, காட்டை அழித்து அமைத்த பாசறையும், அதனுள் உறக்கங் கொள்ளாதிருக்கும் அரசனும், இல்லத்தே அவன் வரவு நோக்கியிருக்கும் தலைவியும் காட்டப்படுகின்றனர். பிற்காலத்தில் அரபு மொழியிலிருந்து வந்த முகாம் என்னுஞ் சொல் பாசறையின் இடத்தைப் பிடித்தது. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால் நம் மாணவர் இரண்டினையே கூறுவர். ஒன்று இராணுவ முகாம். மற்றையது அகதி முகாம். சாரணர் மாத்திரம் தம் பாசறையை நினைப்பர். குடும்பமொன்று தன் நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு, மகிழ்ச்சியின் பொருட்டுக் காட்டிற் சென்று கூடாரத்தில் உறங்குதலும் முகாமிடலே என்பதனை யாம் நேரிற் கண்டது 2023ஆம் ஆண்டின் கோடைப் பருவத்தில், கனடாவிலேதான்.

நம் கல்லூரியில் எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பர் ஒருவர் ரொறன்ரோ நகருக்கு அண்மையில் வாழ்கின்றார். அவர் அழைப்பை ஏற்று ஆறு வாரம் அவர் இல்லத்தில் தங்கினோம். அவர் தொழிலாற் கணக்காளர், விருப்பத்தாற் கம்மியர். தார் வீதி முடியும் இடத்தில் தொடங்கும் கரடுமுரடான காட்டுப் பாதைகளில் வண்டி செலுத்திச் சென்று, ஏரிக் கரைகளில் இரவு தங்குதல் அவருக்குப் பெரு விருப்பு. அதற்கென, இராணுவம் கழித்துவிட்ட றெயிலர் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே திருத்தியமைக்க அவர் கருதியிருந்தார். ‘மச்சான், நீ வந்த நேரம் நல்ல நேரம், பொருளைப் பார்த்துச் சொல்ல இன்னொரு சோடிக் கண் வேண்டும்’ என்றார். தமிழாசிரியரின் கண்கள் எழுத்துப் பிழை காணவே பழகியவை. எனினும் உடன் சென்றோம்.

இத்தகைய றெயிலர்களின் பிறப்பு ஜீப் வண்டியின் பிறப்போடு சேர்ந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பட்லர் நகரிலிருந்த பன்ரம் என்னும் சிறிய கம்பனியே 1940ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் முதல் ஜீப்பின் மாதிரியைச் செய்து இராணுவத்தினரிடம் ஒப்படைத்தது. ஆனால் போர்க்காலத்தில் ஜீப்புகளைப் பெருந்தொகையாகச் செய்யும் வேலை வில்லிஸ், போர்ட் என்னும் பெரிய கம்பனிகளுக்கே கிடைத்தது. பெற்ற பிள்ளையைப் பிறர் வளர்க்கக் கொடுத்தது போலாயிற்றுப் பன்ரத்தின் நிலை. அக்கம்பனிக்குக் கிடைத்த வேலைகளுள் ஒன்று, ஜீப்பின் பின்னே இழுபடும் கால் தொன் றெயிலர்களைச் செய்தல். கால் தொன் எனின் 500 இறாத்தற் சுமை. நீர்நிலைகளைக் கடக்க நேரின் சுமையுடன் மிதக்கத்தக்கதாய், நீர் புகாத தொட்டி போல அதன் பெட்டி அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சியவற்றை உழவர்களும் வேட்டைக்காரரும் வாங்கிப் பயன்படுத்தினர். பின்னர் 1950களில் டொட்ஜ் முக்கால் தொன் லொறியின் துணையாக எம் 101 என்னும் முக்கால் தொன் றெயிலரும், 1960களில் புதிய ஜீப் வகைக்கெனக் கால் தொன் கொண்ட எம் 416உம் வந்தன. கனடிய இராணுவமும் எம் 101 வகையைத் தனக்கெனச் செய்வித்துப் பல்லாண்டு பயன்படுத்தியது. எம் நண்பர் தேடியது அதனையே.

கடையில் விற்கும் புதிய முகாம் றெயிலர் இருக்க, இப்பழைய இரும்பை நாடுவது ஏன் என வினவினோம். நண்பர் கூறிய விடை நேரியது. கடைப் பொருள் நல்ல வீதிக்கென மெல்லிய தகட்டாற் செய்யப்படுவது. இராணுவப் பொருளோ வீதியே இல்லாத இடத்துக்கெனச் செய்யப்பட்டது. அதன் அச்சு நிலத்தினின்று உயர்ந்திருக்கும்; வில்லுத் தகடுகள் தடித்தவை; பெட்டி எஃகு. பழுதுற்றால் திருத்துவதற்கு அதில் மறைபொருள் எதுவும் இல்லை. ஒரு சுத்தியலும் ஒரு சாவித்தொகுதியும் உடையவர் அதனை விளங்கிக்கொள்ளலாம்.

அந்நாட்டு அரசாங்கம் தனக்கு வேண்டாதனவற்றை இணையவழி விலை கேட்டு விற்கின்றது. அங்கே எப்பொருளும் உள்ளது உள்ளபடியே விற்கப்படும்; வாங்கியபின் குறை கூறுதல் இல்லை. எம் நண்பர், அவ்வாறு முன்னரே வாங்கி வைத்திருந்த உழவர் ஒருவரிடம் சென்றார். புல்லினிடையே பச்சை நிறத்துடன் நின்றது பெட்டி. நண்பர் அதனைச் சோதித்த முறை, நல்லாசிரியர் ஒருவர் விடைத்தாள் திருத்தும் முறையை ஒத்திருந்தது. முதலில் இழுவைச் சட்டம் பெட்டியோடு பொருந்தும் இடத்திற் படுத்து, ஒட்டிய இரும்பில் வெடிப்பு உண்டோ எனப் பார்த்தார். முழுச் சுமையும் இழுபடுவது அவ்விடத்தினாலேயே. அடுத்துத் தரைத் தகட்டைத் தட்டித் தட்டித் துருவின் ஓசையைக் கேட்டார். சக்கரத்தை ஜக்கினால் உயர்த்திச் சுழற்றி, பெயரிங் கரகரக்கின்றதோ எனக் காது கொடுத்தார். ரயரின் பக்கச் சுவரிலுள்ள குறியெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை எம்மை வாசிக்கச் சொன்னார். முதலிரண்டு இலக்கம் வாரத்தையும், பின்னிரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்குமாம். 3209 எனின் 2009ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. பூக்கள் தேயாதிருந்தும், முதுமையால் இறப்பர் வெடித்திருந்தமையின், இரண்டு ரயர்களும் தள்ளப்பட்டன. ஈற்றில் உரிமைப் பத்திரம். அதுவின்றி எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது என்பது அவர் கொள்கை. இலக்கத் தகடு பெறாத வண்டி முற்றத்து இரும்பே அன்றி வேறன்று. யாவும் பொருந்தியபின் விலை பேசி முடித்தார்.

வண்டி வீடு வந்த மாலையிலேயே தொல்லை தொடங்கிற்று. நண்பரின் அன்னையார் எழுபத்தைந்து அகவை கடந்தவர், மகனோடு வாழ்கின்றார். அவர் யன்னலாற் பார்த்தார். திரைச் சேலையை இழுத்து மூடினார். இரவு உணவின்போது, ‘உந்தப் பச்சையை ஏன் தம்பி முத்தத்திலை கொண்டுவந்து விட்டனீ?’ என்றார்.

‘அம்மா, இது இந்த நாட்டு ஆமியின்ரை பழசு. ஒருத்தரையும் ஒண்டும் செய்யேல்லை. சாமான் ஏத்தித் திரிஞ்சது’ என்றார் நண்பர்.

‘அது எனக்கும் விளங்குது. நிறத்தைக் கண்டால் நெஞ்சுக்கு விளங்குதில்லையே’ என்றார் அன்னையார்.

நண்பர் விடையிறுத்திலர். அவருக்கும் தயக்கமுண்டு. இராணுவ றெயிலர் வைத்திருப்போரிடையே அப்பழைய பச்சையை மாற்றாது பேணுதலே பெருமை. பதினாறு அகவை மகளுக்கும் பதின்மூன்று அகவை மகனுக்கும் அந்நிறமே பிடித்திருந்தது. அவர்கள் அறிந்த பச்சை வேறு. பாட்டியார் அறிந்த பச்சை வேறு.

வேலை தொடர்ந்தது. வண்டியின் மின்கம்பிகள் 24 வோல்ட்டுக்குரியன. பொருத்தும் முனையில் பன்னிரண்டு ஊசிகள். நண்பரின் வாகனமோ 12 வோல்ட்டு, ஏழு ஊசிகள். ஆதலின் கம்பிகளையும் விளக்குகளையும் முற்றாக மாற்றினார். இழுவைச் சட்டத்தின் முனையிலுள்ள இரும்பு வளையத்தை மாற்றுவதா விடுவதா என நெடிது எண்ணினார். வளையமும் கொக்கியும் ஓடும்போது கடகடவென ஒலிப்பன. ஆயினும் பாறை வழியில் பெட்டி ஒருபுறஞ் சரிந்தாலும் முன்வண்டியைத் தன்னோடு முறுக்காது விட்டுக்கொடுக்கும் இயல்பு அவற்றுக்கு உண்டு. வீதிக்குரிய குண்டுப் பொருத்து அவ்வளவு விட்டுக்கொடாது. ஒலியைப் பொறுத்துக்கொண்டு வளையத்தையே வைத்தார். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி மொத்த நிறை 1,360 கிலோகிராமை எட்டும் றெயிலருக்குத் தனி பிறேக் வேண்டும். சுமையுடன் அந்த எல்லையை நெருங்கும் ஆதலின், மின்னால் இயங்கும் பிறேக்கையும் பொருத்தினார். பின் கதவைத் திறந்தால் அடுப்படி. பக்கத்தே கோதுமை மா, பருப்பு, மிளகாய்த்தூளுக்கு இழுப்பறைகள். அச்சின் மேலே தண்ணீர்த் தொட்டி.

நிறையைப் பற்றி நண்பர் கூறிய ஒன்று எம் மனத்திற் பதிந்தது. றெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரை இழுவைச் சட்டத்தின் முனையில் அழுந்துதல் வேண்டும். பின்புறம் கனத்து முனை இலேசானால், வேகத்தில் வண்டி பாம்பு போல் நெளிந்து முன்வண்டியையும் வீதியினின்று தள்ளிவிடும். எனவே எதை ஏற்றுவது என்பதோடு, எதை எங்கே வைப்பது என்பதும் உயிர்க் காரியம். ஒரு மாலை எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து பட்டியல் இட்டனர். எழுதும் பணி எமக்கு. தண்ணீர் 80 லீற்றர், அதாவது 80 கிலோ. மகனுக்குச் சைக்கிள் வேண்டும், மகளுக்கு மடக்குக் கதிரைகள் நான்கு, நண்பருக்கு மின்பிறப்பாக்கி. கூட்டிப் பார்த்தால் கணக்கு எல்லையைத் தாண்டியது. ஒருவர் பொருளை மற்றவர் வெட்டச் சொல்ல, சிறு பூசல் எழுந்தது.

அடுக்களையிலிருந்து வந்த அன்னையார், ‘என்ன எழுதுறியள், தம்பி?’ என எம்மைக் கேட்டார். ‘பெட்டியிலே ஏற்றுஞ் சாமான் கணக்கு, அம்மா’ என்றோம். அவர் கதிரையை இழுத்து அமர்ந்தார். அன்றுவரை பேரப்பிள்ளைகள் கேட்டிராத வரலாறு அப்பொழுது வெளிவந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறியதனை இம்மலரை வாசிக்கும் மூத்தோர் அறிவர். யாமும் அப்போது பதினைந்து அகவையினராய்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மழையில், செம்மணி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த திரளில் இருந்தோம். நண்பரும் தந்தையாரோடு வேறொரு சைக்கிளில் முன்னே சென்றுவிட்டார். அன்னையாருக்கோ, அயல் வீட்டாரின் லான்ட்மாஸ்டர்ப் பெட்டியில் ஒரு மூலை கிடைத்தது. டீசல் கிடையாத அந்நாளில் மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம். நான்கு குடும்பங்களுக்கு ஒரே பெட்டி. ஆளுக்கு ஒரு மூலை. தம் மூலையில் அவர் ஏற்றியவை இவை: அரிசி, ஒரு பானை, பாய், காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், தையல் இயந்திரம். அவ்வியந்திரத்தினாலேயே அக்குடும்பம் சில ஆண்டுகளாய் உண்டு வந்தது.

செம்மணி வெளியிலே, நடக்கவியலாத கிழவி ஒருத்தி சேற்றில் அமர்ந்திருந்தாள். அவளோடு வந்தவர் எவரும் அருகில் இல்லை. பெட்டியிலோ ஒரு கை வைக்கவும் இடமில்லை. அன்னையார் இறங்கித் தையல் இயந்திரத்தை வீதியோரம் இறக்கினார். அவ்விடத்தே கிழவியை ஏற்றினார். ‘மெசின் வேறை வாங்கலாம் எண்டு நினைச்சன். பிறகு வாங்கக் கிடைக்கேல்லை’ என்று மாத்திரம் கூறினார்.

நண்பர் தலை குனிந்திருந்தார். விட்டுவந்த வீட்டிலிருந்து எவரோ அவ்வியந்திரத்தைக் கொண்டு போயினர் என்றே இருபத்தெட்டு ஆண்டுகளாய் அவர் எண்ணியிருந்தார். தம் தாய் பின்னர் கையூசியால் இரவிரவாய்த் தைத்ததன் காரணம் அன்றுதான் அவருக்கு விளங்கிற்று. பேத்தி எழுந்து சென்று பாட்டியாரின் கதிரைக் கையில் அமர்ந்தாள். சிறிது நேரத்தில் அவள் எம் பட்டியலை வாங்கி, தன் நான்கு கதிரைகளில் இரண்டை வெட்டினாள். சைக்கிளைத் தம்பி தானே வெட்டினான். மின்பிறப்பாக்கியை நண்பர் வெட்டினார்.

மறுநாட் காலையில் நிற அட்டை ஒன்று அன்னையாரின் தேநீர்க் கோப்பையின் அருகே இருந்தது. நண்பர் எதுவும் கூறவில்லை. அன்னையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்து, செம்மண் நிறத்தில் விரலை வைத்தார். ‘புழுதி தெரியாது’ என்றார். வேறு காரணம் கூறிற்றிலர். வலிகாமத்துத் தோட்டங்களின் மண் என்ன நிறமென்பதனை எவரும் அவருக்கு நினைவூட்டவுமில்லை.

நிறம் மாற்றுதலும் எளிதன்று. இராணுவ வாகனங்களுக்கு 1980களிலிருந்து பூசப்பட்டுவரும் ஒருவகைக் கவசப் பூச்சு, நச்சு வாயுக்களையும் எதிர்க்கவல்லது. அதனை உலர்ந்த நிலையில் உராய்ந்து தூசு எழுப்பினாலோ, தீயாற் சுட்டு நீக்கினாலோ சுவாசப்பைக்குப் பெருந் தீங்கு விளையும். ஆதலின் நண்பர் அதனை அறிந்த தொழிலாளர் ஒருவரிடமே ஒப்படைத்தார். நாலாம் நாள் வண்டி செம்மண் நிறத்துடன் மீண்டபோது, அன்னையார் முற்றத்திற்கு இறங்கி வந்து அதன் பின்கதவைத் திறந்து, அடுப்படி உயரம் சரியோ எனப் பார்த்தார்.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஏணி வைத்து ஏறும் கூரைக் கூடாரம் ஒன்றைப் பெட்டியின் மேல் அமைக்க நண்பர் முன்னர் எண்ணியிருந்தார். அன்னையாரும் உடன்வர இசைந்தமையால், அதனை விடுத்தார். இராணுவத்தார் வைத்த வளைவுக் கம்பிகளையே நிறுத்தி, அவற்றின்மேல் புதிய தறப்பாளைக் கட்டி, பெட்டிக்குள் தாழ்ந்த படுக்கை ஒன்றைச் செய்தார்.

ரொறன்ரோவிற்கு வடகிழக்கே ஹாலிபேர்ட்டன் என்னும் ஏரிகள் நிறைந்த பகுதிக்குச் சென்றோம். ஒன்ராறியோவில் முடிக்குரிய அரச காணிகளில், கனடாவில் வதிவோர் ஓரிடத்தில் ஆண்டொன்றுக்கு 21 நாள் வரை கட்டணமின்றி முகாமிடலாம். தார் வீதி முடிந்தபின் பாறையும் சரளையுமான பாதை. வளையமும் கொக்கியும் கடகடத்தன. வண்டியோ எங்கும் தயங்கவில்லை. கரடிகள் உலவும் காடாதலால், உணவு அனைத்தையும் இரவில் படுக்கையினின்று தொலைவில் பூட்டிவைத்தோம். நுளம்பு மாத்திரம் பூட்டுக்கு அடங்கவில்லை. யாமும் நண்பர் குடும்பத்தாரும் நிலக் கூடாரங்களில் உறங்க, அன்னையார் பெட்டிக்குள் உறங்கினார். நள்ளிரவில் மழை வந்தது. தறப்பாளின் மேல் மழை விழும் ஓசையை அறியாதார் நம் தலைமுறையில் எவர்? நண்பர் கைவிளக்குடன் இருமுறை எழுந்து சென்று பார்த்து வந்தார். காலையில் ஏரியின்மேற் பனிப்படலம் நிற்க, அன்னையார் பெட்டியினின்று இறங்கி, தலைமயிரைக் கோதி முடித்தவாறே, ‘இரவு நல்ல மழை. நனையேல்லை’ என்றார். ‘நனையேல்லை’ என்னும் அச்சொல்லை நண்பர் எம்மிடம் பலமுறை திருப்பிச் சொன்னார்.

இரும்புக்குப் பகையும் இல்லை; நட்பும் இல்லை. போருக்கெனச் செய்யப்பட்டது பேரப்பிள்ளைகளைச் சுமக்கலாம். உழவுக்கெனச் செய்யப்பட்டது ஊர் துறந்தோரைச் சுமக்கலாம். இதனை அறிவு எளிதில் ஒப்புக்கொள்ளும். ஆனால் கண்டு நடுங்கிய நெஞ்சுக்கு, அறிவு கூறும் நியாயம் போதாது. அந்நெஞ்சை நகைத்தலும், மறந்துவிடு என வற்புறுத்தலும் முறையன்று. நிறத்தைத் தெரிவு செய்யும் உரிமையை அதற்குக் கொடுத்தலே முறை. எம் நண்பர் பட்டறையிற் செய்த வேலைகள் அனைத்தினும், தேநீர்க் கோப்பையின் அருகே நிற அட்டையை வைத்த வேலையே சிறந்தது என யாம் மதிக்கின்றோம்.

அன்பார்ந்த மாணவர்களே, நீங்கள் 1995இன் பின்னர், உங்களுட் பலர் 2009இன் பின்னர் பிறந்தவர்கள். உங்கள் இல்லங்களிலும் பாட்டியாரோ பாட்டனாரோ இருப்பர். அன்று எந்தப் பெட்டியில் ஏறினீர்கள், எதனை ஏற்றினீர்கள், எதனை இறக்கினீர்கள் என்று அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். கேட்டதனைக் கொப்பியில் திகதியிட்டு எழுதிவையுங்கள். எழுத்துப் பிழை இருப்பின் திருத்தித் தர யாம் இருக்கின்றோம். பழைய மாணவர்களே, எந்நாட்டில் வாழினும், உங்கள் பிள்ளைகளிடம் இதே வேலையை ஒப்படையுங்கள். நம் கல்லூரி இன்னும் பல விழாக்களைக் காணும். அடுத்த மலருக்கு அவ்வெழுத்துக்கள் வந்து சேர்தல் வேண்டும்.